வாஷி டேப் போட்டு மறைக்காதீங்க மக்களே!

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. நடுவுல கொசுவத்தியும் சுத்தும். ஸ்க்ராப் புக், ஜர்னல்னு அழகழகா பக்கம் செய்யுற நண்பர்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமா கும்முங்க. நானும் பத்து வருஷமா நோட்டுல கண்டதையும் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆளுதான். வெளியில நின்னு கல்லெறியலை.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நாத்தனார் பொண்ணு என்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு இழுத்துக்கிட்டுப் போனா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல, ஈ.சி.ஆர். ஓரமா, கடல் தெரியுற மாடி. "அத்தை, நீங்க பால் கவர், பஸ் டிக்கெட்டெல்லாம் ஒட்டுறீங்கல்ல, அதையே இவங்க டிசைனா சொல்லித் தர்றாங்க"ன்னா. தலைப்பு 'என் ஒரு நாள்'. தினமும் செய்யுற வேலைகளை எப்படி ஒரு பக்கத்துல அழகா கொண்டுவர்றதுன்னு பாடம். கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, ரங்கமணிக்கே இன்னும் சொல்லலை :-)

போனதும் ஆளுக்கொரு டப்பா குடுத்தாங்க. திறந்தா ஸ்டிக்கர் ஸ்டிக்கரா கொட்டுது. பிறை மாதிரி ஒரு பிரெஞ்சு பன் (க்ருவாசானாம்), மேலே நுரை தளும்புற காபி கோப்பை, பழுத்துச் சிவந்த மேப்பிள் இலை, ஸ்வெட்டர் போட்ட பூனை, பனி கொட்டுற ஜன்னல், வாசனை மெழுகுவர்த்தி. கூடவே ஏழெட்டு கலர்ல வாஷி டேப். வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ளே இருபது பேர் குனிஞ்ச தலை நிமிராம பனி ஜன்னல் ஒட்டிக்கிட்டு இருக்கோம். என் பக்கத்துல இருந்த பெண் ஒரு பள்ளிக்கூட டீச்சர். காலையில நாலரைக்கு எழுந்து மூணு டிபன் பாக்ஸ் கட்டிட்டு செங்கல்பட்டுல ரயிலைப் பிடிக்கிறவங்க. அவங்க பக்கத்துல 'காலை' அப்படிங்கிற இடத்துல க்ருவாசான் உக்காந்திருந்தது. "உங்க வீட்ல இதுதான் டிபனா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. "இட்லி ஸ்டிக்கர் டப்பாவுல இல்லையே"ன்னாங்க.

சரி, நம்ம வேலையைப் பார்ப்போம்னு நான் கையோட கொண்டுபோன கவரைப் பிரிச்சேன். உள்ளே இருந்தது ஒரு மாசத்துப் பால் பாக்கெட் முனைகள். பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது ஓரத்துல முக்கோணமா ஒரு துண்டு விழும்ல, அது. கழுவிக் காயவெச்சு, ஒவ்வொண்ணு பின்னாடியும் தேதி எழுதி வெச்சிருந்தேன். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வரிசைக்கு ஏழா ஒட்டிக்கிட்டு வந்தேன். முப்பது கட்டத்துல இருபத்தேழு முக்கோணம். மூணு இடம் காலி.

சொல்லித் தர்றவங்க வந்து பார்த்தாங்க. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். "கான்செப்ட் சூப்பர் மேடம். ஆனா இந்த மூணு இடம் ஓட்டையாத் தெரியுது பாருங்க. வாஷி டேப் போட்டு ஒரு பூ ஸ்டிக்கர் வெச்சிட்டா பக்கம் நிறைவா இருக்கும்"னாங்க.

அந்த மூணு நாள் எனக்கு ஜுரம். எழுந்திருக்க முடியலை. ரங்கமணிதான் பால் காய்ச்சினார். அவர் பாக்கெட்டைக் கத்தரிக்கிற ஆள் இல்லை, பல்லால கடிச்சுக் கிழிக்கிற ஆள். அதான் முனை இல்லை. அந்தப் பக்கத்துல உண்மையிலேயே நடந்த விஷயம்னு ஒண்ணு இருந்தா, அது அந்த மூணு காலி இடம்தான். அதை மறைக்கத்தான் எனக்குப் பூ குடுத்தாங்க.

நான் பூ ஒட்டலை. சண்டையும் போடலை. ஆனா வீட்டுக்கு வர்ற வரைக்கும் மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டே வந்தேன். அதைத்தான் இங்க கொட்டுறேன்.

வகுப்பு முடிஞ்சு பொண்ணு தோழிகளோட கடற்கரைக்குப் போயிட்டா. நான் அர்ச்சுனன் தபசுப் பக்கம் நடந்தேன். வழக்கம்போல வெண்ணெய் உருண்டைப் பாறைகிட்ட கூட்டம். எல்லாரும் அதைத் தள்ளுற மாதிரி, தாங்குற மாதிரி ஒரே போட்டோ. தபசுக்குப் பக்கத்துலயே இருக்கிற கிருஷ்ண மண்டபத்துல அவ்வளவு கூட்டம் இல்லை.

அந்த மண்டபத்துச் சிற்பத்தைப் பார்க்காதவங்க அடுத்த தடவை கண்டிப்பா பாருங்க. முன்னாடி இருக்கிற மண்டபம் விஜயநகர காலத்துல கட்டினது. பின்பாறையில இருக்கிற சிற்பம் அதுக்கு ரொம்ப முந்தி, பல்லவர் காலத்து வேலை, 7-ஆம் நூற்றாண்டு. கிருஷ்ணர் கோவர்த்தன மலையைக் கையில தாங்கி நிக்கிறார். மழைக்கு ஊரே அடியில ஒதுங்கியிருக்கு. பெரிய புராணக் காட்சி. ஆனா அதே பாறையில ஒருத்தர் உக்காந்து பால் கறந்துக்கிட்டு இருக்கார். பசு தன் கன்னை நக்கிக்கிட்டு இருக்கு. ஒரு பெண் தலையில பானைச் சுமையோட நிக்கிறா. தலைக்கு மேல மலை தொங்குது, மாட்டுக்கு அது கணக்கில்லை. கறக்கிற நேரம் வந்தா கறந்தாகணும். அதைச் செதுக்கின மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்து அர்ச்சுனன் தபசுலயும் அப்படித்தான். தேவர்களும் யானைகளும் நிறைஞ்ச அந்தப் பெரும் பாறையில, கீழே சின்னக் கோயில் பக்கத்துல ஒருத்தர் குளிச்சுட்டுத் துணியைப் பிழியறார். இன்னொருத்தர் தோள்ல தண்ணிக் குடம் சுமக்கிறார். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிஞ்சுக்குது.

அன்றாட வேலையை ஒரு 'பக்கத்துல' கொண்டுவர்றது எப்படின்னு நமக்கு அங்கயே பாடம் இருக்கு. அந்தச் சிற்பி பக்கத்து ஊர்ல இருந்து வேற கல்லு வரவழைக்கலை. காலடியில கிடந்த பாறையிலேயே செதுக்கினார். மாடு எப்படி நிக்கும், கறக்கிறவர் எப்படிக் குந்துவார்னு பார்த்துச் செஞ்சார். நாமளோ அவர் ஊர்லயே உக்காந்துக்கிட்டு, நம்ம ஊர்ல விழாத பனியை ஒட்டிட்டு அதுக்கு 'என் ஒரு நாள்'னு பேர் வைக்கிறோம்.

அப்புறம் செங்கல்பட்டு பஸ். வழியில திருக்கழுக்குன்றம். என் அம்மா ஊர்.

அங்கே வேதகிரீஸ்வரர் மலைக்குத் தினமும் உச்சி வேளையில ரெண்டு கழுகு வந்து பிரசாதம் சாப்பிட்டுட்டுப் போகும். மஞ்சள்முகப் பாறுன்னு சொல்ற இனம். அதனாலதான் பட்சி தீர்த்தம்னு பேரு. கேட்டாலே நம்பாத வெளியூர்க்காரங்க எல்லாம் மலையேறிப் பார்த்து அசந்து போயிருக்காங்க. 1990-களோட கடைசியில அதுங்க வர்றது நின்னுபோச்சு. நான் சின்ன வயசுல ரெண்டு தடவை பார்த்திருக்கேன். எத்தனை மணிக்கு வந்துச்சு, எந்தப் பக்கமா இறங்குச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு? எதுவும் எங்கிட்ட இல்லை. ஏன்னா அது தினமும் வர்றது. நாளைக்கும் வரும். யாராவது எழுதி வைப்பாங்களா? உள்ளூர்க்காரங்க எத்தனை பேர் வீட்டு நோட்டுல அந்தக் கழுகு இருக்கும்னு நினைக்கிறீங்க?

அன்றாடத்துக்கு இதான் சாபம். கல்யாணத்துக்கு ஆல்பம் உண்டு, காது குத்துக்கு வீடியோ உண்டு. தினமும் நடக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு நாள் நின்னுபோனா, எப்ப நின்னுச்சுன்னுகூடச் சொல்லத் தெரியாது.

இப்ப நான் நெஜமாவே சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா திருக்கழுக்குன்றத்துல தனியாத்தான் இருந்தாங்க. நான் செங்கல்பட்டுல. நடுவுல பதினாலு கிலோமீட்டர். "எங்கூட வந்துடும்மா"ன்னா வரமாட்டாங்க. தினமும் ராத்திரி போன் பண்ணுவேன். "சாப்டியாம்மா?" "ஆச்சு, ஆச்சு." ஞாயிறு ஆனா நாங்க எல்லாரும் போவோம். சாம்பார், வறுவல், பாயசம்னு தடபுடல் பண்ணிடுவாங்க. நான் போட்டோ எடுப்பேன். என் நோட்டுல 'அம்மா வீட்டு ஞாயிறு'ன்னு ஒரு வரிசையே இருக்கு. சுத்தி பார்டர், கலர் பேனா, இலையில வெச்ச சாப்பாட்டோட படம். ஆமாங்க, நானும் அந்த அழகுப் பக்கம் செஞ்சவதான்.

மூணு வருஷம் முன்னாடி அம்மா வீட்டுல மயங்கி விழுந்தாங்க. உடம்புல சத்தே இல்லை, ரொம்ப நாளா சரியாச் சாப்பிடலைன்னு டாக்டர் சொன்னார். நாங்க நம்பலை. ரெண்டு மாசத்துல போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு காஸ் இணைப்பை ஒப்படைக்க அவங்க காஸ் புக்கை எடுத்துக்கிட்டுப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் பக்கத்தைப் புரட்டிட்டு, "அம்மா ரொம்ப சிக்கனம் போல"ன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தப் புக்கை விரிச்சு வெச்சு, சிலிண்டர் வந்த தேதிகளுக்கு நடுவுல நாளை எண்ணினேன். 58 நாள். 61 நாள். 56 நாள். அப்புறம் 79. அப்புறம் 104. கடைசி சிலிண்டர் வந்து 140 நாள் ஆகியும் தீரலை.

வேற அடுப்பு கிடையாது அந்த வீட்டுல. காபிக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் மட்டும்தான் அடுப்பு எரிஞ்சிருக்கு. ஒரு ஆளுக்காக எதுக்குச் சமைக்கணும்னு நினைச்சிருப்பாங்க. வருஷக்கணக்குல என்கிட்ட 'ஆச்சு'ன்னு சொன்னாங்க. காஸ் புக் மட்டும் உண்மையைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அடுக்களை அலமாரியில, நான் ஞாயித்துக்கிழமை கை நீட்டினா எட்டுற தூரத்துல.

என் பார்டர் போட்ட பக்கங்கள்ல அது எதுவுமே இல்லை. எப்படி இருக்கும்? நான் ஞாயித்துக்கிழமையை மட்டும் ஒட்டிட்டு, மிச்ச ஆறு நாள் மேல டேப் போட்டுட்டேன்.

அதனாலதான் அந்த மூணு காலி இடத்துல பூ ஒட்டச் சொன்னப்ப எனக்கு அவ்வளவு கோபம் வந்துச்சு. அன்றாடம்ங்கிறது ஒரு நாள் இல்லைங்க. ஒரே வேலை திரும்பத் திரும்ப வர்றதும், எங்கயோ வராம போறதும் சேர்ந்ததுதான் அன்றாடம். அதைப் பக்கமா வடிவமைக்கணும்னா ஒரே பொருள், தேதி, வரிசை, இந்த மூணும் வேணும். வராத நாளுக்கு இடத்தைக் காலியா விடணும். இதுக்கு மேல நீங்க எவ்வளவு அலங்காரம் பண்ணினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இது இல்லாம பண்ணினா அது கடையில விக்கிற காலண்டர் படம்.

இனி வரப்போற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் :-)

"அவங்க மன நிம்மதிக்குச் செய்யுறாங்க, உனக்கென்ன வந்துச்சு?" நியாயமான கேள்வி. கத்தரியும் பசையும் கையில எடுத்தா மனசு அடங்கும்கிறது எனக்கும் தெரியும். தாராளமா செய்யட்டும். பூனை ஒட்டட்டும், பனி ஒட்டட்டும். 'என் ஒரு நாள்'னு மட்டும் பேர் வைக்க வேண்டாம். அந்த டீச்சரோட நாலரை மணியும் மூணு டிபன் பாக்ஸும் பதிவாகிற மாதிரி ஒரு சந்தர்ப்பம் வந்துச்சு. அதை ஒரு பன் தின்னுடுச்சு. நாளைக்கு அவங்க பேத்தி அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தா, பாட்டி சொகுசா இருந்திருக்கான்னு நினைப்பா. ஒரு பொம்பளையோட இருபது முப்பது வருஷ உழைப்பு அப்படித்தான் காணாமப் போகுது.

"போன்ல ஆயிரம் போட்டோ இருக்கே?" என் போன்லயும் இருந்துச்சு. அத்தனையும் ஞாயித்துக்கிழமை. காஸ் புக்கை யாரு போட்டோ எடுக்கிறா?

"குப்பையை ஒட்டுறதெல்லாம் டிசைனா?" அப்படிக் கேக்கிறவங்க வாஷி டேப்போட கதையைக் கொஞ்சம் கேளுங்க. ஜப்பான்ல குராஷிகின்னு ஒரு ஊர். அங்கே காமோய்ன்னு ஒரு கம்பெனி. 1923-ல ஈ ஒட்டுற காகிதம் செய்ய ஆரம்பிச்சு, பிற்பாடு பெயின்ட் அடிக்கும்போது ஓரத்துல ஒட்டுற டேப் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. 2006-ல டோக்கியோவில இருந்து மூணு பெண்கள் அந்தத் தொழிற்சாலை டேப்பை வெச்சே தாங்க செஞ்ச சின்னப் புத்தகத்தோட அவங்களுக்கு எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் 2008-ல கலர் கலரா 'எம்டி'ன்னு அலங்கார டேப் விற்பனைக்கு வந்துச்சு. பெயின்டர் கையில இருந்த சாமானை, தங்களைச் சுத்திக் கிடந்ததை, அந்தப் பெண்கள் கூர்ந்து பார்த்தாங்க. நாம அந்தப் பார்வையை விட்டுட்டு டேப்பை மட்டும் காசு குடுத்து வாங்குறோம்.

புள்ளி நோட்டும் அப்படித்தான். 2013-ல ரைடர் கேரல் 'புல்லட் ஜர்னல்' முறையை வெளியிட்டதுக்கு அப்புறம் புள்ளி வெச்ச நோட்டுக்கு வந்த மவுசைப் பாருங்க. அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல முறைதான். ஆனா புள்ளி வெச்சு டிசைன் போடுறதை நமக்கு இன்னொருத்தர் சொல்லித் தரணுமா? 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல நிறுத்துன்னு பழைய நோட்டுல கோலம் எழுதி வெச்ச வீடுகள்ல இருந்துதானே வர்றோம்?

"நாள் குறிப்பெல்லாம் பெரிய மனுஷங்க எழுதுறது." புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்றீங்கன்னா, ஆமா, பெரிய மனுஷர்தான். எங்க செங்கல்பட்டுக் கோட்டைக்கே தளபதியா இருந்தவர். ஆனா 1736-ல இருந்து 1761-ல சாகுற வரைக்கும் அவர் எழுதினதுல எது இன்னைக்கு உபயோகமா இருக்கு? எந்தத் தேதியில எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு, யாரு வந்தா, என்ன பேசினா. தேதி போட்டு, விடாம. அலங்காரமா நாலு பக்கம் எழுதிட்டு விட்டிருந்தா யாரு சீந்தியிருப்பா?

சரி, வெறும் திட்டோட முடிக்கக் கூடாது. செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு என் அனுபவத்துல நாலு வார்த்தை.

ஒரு மாசத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கோங்க. பால் முனை, தினசரி காலண்டர் தாள், மாத்திரை அட்டை, பூ கட்டின வாழைநார், எது வேணா. டவுன் பஸ்ல போற பெண்கள் அந்தப் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டை எடுத்து வையுங்க. 2021 மே மாசம் ஆரம்பிச்ச அந்த இலவசப் பயணம் எத்தனை பேரை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டுச்சுன்னு அந்தச் சின்னத் தாள்தான் சொல்லும். ஆனா ஒண்ணு, மிஷின்ல அச்சாகி வர்ற டிக்கெட்டும் ஏ.டி.எம். சீட்டும் சூடுபட்டு எழுத்து வர்ற காகிதம். வருஷம் ரெண்டு போனா வெள்ளைத் தாள் ஆயிடும். ஒட்டுறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுங்க, இல்லைன்னா பக்கத்துலயே பால்பாயின்ட்ல எழுதிடுங்க. ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டா பரவும். எங்க பக்கத்துக் கடல் காத்துக்கு நோட்டு நமுத்துப் போகும், அலமாரியில அடைச்சு வைக்காம அப்பப்ப நிழல்ல விரிச்சுக் காயவைங்க. செல்லோ டேப் பழுப்பாகி உதிர்ந்துடும், அதைத் தொடாதீங்க.

முக்கியமா, வராத நாளைக் காலியா விடுங்க. கை துறுதுறுன்னு வரும், எதையாவது ஒட்டணும்னு. ஒட்டாதீங்க. வேணும்னா கீழே பொடி எழுத்துல காரணம் எழுதுங்க. ஜுரம். மழை. ஊர்ல இல்லை. மனசு சரியில்லை.

எழுத்து, படம், கைவேலைன்னு எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கிற நண்பர்கள்தான் இதைப் படிக்கிறீங்க. அதனால உங்ககிட்ட உரிமையா ஒண்ணு கேக்கிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, அம்மா அப்பா தனியா இருக்கிற வீடா இருந்தா, பேச்சுவாக்குல அந்தக் காஸ் புக்கை எடுங்க. இப்பல்லாம் மெசேஜ்தான் வருதுன்னா அவங்க போன்ல சிலிண்டர் வந்த தேதிகளைத் தேடுங்க. நடுவுல எத்தனை நாள்னு எண்ணிப் பாருங்க. அஞ்சு நிமிஷம் ஆகாது.

என் அம்மாவோட காஸ் புக்கை நான் ஒப்படைக்கலை. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் பக்கம் இப்ப என் நோட்டுல இருக்கு. ஒரு பார்டர்கூடப் போடலை.

பி.கு: அந்த நாத்தனார் பொண்ணு நேத்து போன் பண்ணி, "அத்தை, வீட்டுலயே பசை காய்ச்சுறது எப்படி?"ன்னு கேட்டா. மைதாவைத் தண்ணியில கரைச்சு அடுப்புல கிண்டி, பூச்சி அரிக்காம இருக்க பைண்டிங் கடைக்காரங்க சேர்க்கிற மாதிரி மயில்துத்தம் ஒரு சிட்டிகை. அது விஷம், குழந்தைகளுக்கு எட்டாம வைக்கணும், கையை நல்லாக் கழுவணும். மாத்திரை அட்டை ஒட்டப் போறாளாம். யாரோடதுன்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை.